நனோ போத்தல்காரர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு விற்க வருகிறவர்கள் நிறையப் பேர். பாய், பிளாஸ்டிக் வாளி, சாமி படம், சேலை என்று ஆளுக்கொரு மூட்டையோடு ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். விற்பார்கள், போவார்கள். விற்ற பொருள் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திரும்பி வந்த ஒரே ஒரு மனிதரைத்தான் எனக்குத் தெரியும்.

லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் அவரை 'மொதலாளி' என்றார்கள். பதுளை பஜாரில் அவருடைய தாத்தா காலத்திலிருந்து துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். அதனால் வந்த பெயர். அவருக்கு அது பிடிக்காது.

"மொதலாளி எங்க அண்ணன். கல்லாவுல உக்காந்திருக்கு. நான் வெறும் பைதூக்கி" என்பார்.

"சரிங்க மொதலாளி" என்பார்கள் இவர்கள்.

ஐம்பதை ஒட்டிய வயது. மடிப்புக் கலையாத சட்டை, தோளில் ஒரு ரெக்சின் பை. எங்கள் ஏற்றத்தில் பாதி வழியில் நின்று, இடுப்பில் கையை வைத்து, ஏதோ மலையை அளக்க வந்தவர் போலச் சுற்றிப் பார்ப்பார். மூச்சு வாங்குவது தெரியக்கூடாது என்பதற்காக. லயத்துக்கு வந்து சேர்ந்ததும் அவர் முதலில் கேட்பது, என்ன வேண்டும் என்று அல்ல.

"போன தடவ வாங்கினது எப்படியிருக்கு?"

"நல்லாருக்கு மொதலாளி."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க."

அதோடு விடவும் மாட்டார். எங்கள் கோயில் பூசாரிக்கு ஒரு டோர்ச் லைட் விற்றிருந்தார். அதைப் பார்க்க அவர் வந்தது நல்ல உச்சி வெயிலில். பட்டப்பகலில் டோர்ச் எரிவது எப்படித் தெரியும்? பூசாரியின் கம்பளியை வாங்கித் தலையோடு போர்த்திக்கொண்டு, கோயில் படியில் குந்தி, உள்ளே டோர்ச்சை அடித்துப் பார்த்தார். "எரியுது, எரியுது" என்று கம்பளிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவர் வேர்த்து வடிய வெளியே வந்து, அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

இந்தப் பழக்கத்தால்தான் அவர் அண்ணன் கடையிலிருந்து வெளியே வந்தாராம். பின்னாளில் ஒருமுறை பஸ்ஸில் எனக்கு அவரே சொன்னது.

"பசறையில ஒரு டீச்சருக்குச் சேலை வித்தேன் தம்பி. ரெண்டு தடவ தொவச்சதுக்கப்புறம் சாயம் நிக்குதான்னு பாக்கணும் போல இருந்திச்சி. நேரா வீட்டுக்கே போயிட்டேன். கொடியில காயுது சேலை. தடவிப் பாத்துக்கிட்டு நிக்கிறேன், அவங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு."

"அடிச்சாரா?"

"அடிக்கல. அண்ணனுக்குப் போன் பண்ணிட்டாரு. அதுக்கு அடிச்சிருக்கலாம்."

அண்ணன் கேட்ட கேள்வியை அண்ணனின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "வித்ததுக்கப்புறம் எதுக்குடா மூஞ்சியக் காட்டுற? பஜார்ல எவனாவது செய்யிறானா?" அதன் பிறகு அவர் பையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறத் தொடங்கினார். பலதும் விற்றுப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. பொருளைக் கொடுத்ததோடு ஒதுங்கியிருந்தால் ஏதாவது ஒன்று நிலைத்திருக்கலாம் என்று எங்கள் மச்சான் சொல்வார்.

மச்சான் என்பது என் அக்காவின் கணவர். லயத்துக்கு மேலே ரோட்டில் ஓட்டோ வைத்திருப்பவர். அந்த ரோட்டோரத்துக்குத்தான் ஒரு நாள் மொதலாளி நனோ போத்தலோடு வந்தார்.

கொழும்பிலிருந்து ஒரு கம்பனி அவருக்கு ஊவா மாகாணம் முழுவதற்கும் ஏஜென்சி கொடுத்திருந்தது. எஞ்சின் எண்ணெயில் கலக்கிற மருந்து. உள்ளங்கை உயரத்தில், வெள்ளிநிற லேபிள் ஒட்டிய ஒரு கண்ணாடிப் போத்தல். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துணிக்கைகள், நனோத்துணிக்கைகள், மிதக்கின்றனவாம். முதலில் மொனராகலைப் பக்கம் போய் விற்றிருக்கிறார். அங்கே கரும்பு ஏற்றும் லொறிகள், வயல் உழும் கிழட்டு டிராக்டர்கள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சரக்கு, இறக்க இறக்கப் போயிருக்கிறது.

பேசும்போதே போத்தலைக் குலுக்கிக்கொண்டிருப்பார். குலுக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று லேபிளில் போட்டிருந்தது. பூசாரி மணி ஆட்டுகிற மாதிரி, பேச்சுக்கு ஒரு குலுக்கல்.

"இது பொடின்னு நெனைக்காதீங்க. கண்ணுக்கே தெரியாத குண்டு. எஞ்சினுக்குள்ள இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல போயி உருண்டுக்கிட்டே இருக்கும்."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு எப்புடி மொதலாளி காசு குடுக்கிறது?" என்றார் மச்சான்.

"சாமிக்குக் குடுக்கிறீங்கல்ல?"

ரோட்டோரம் சிரித்தது. அன்றைக்கே ஓட்டோக்காரர்கள், வேன்காரர், மரக்கறி லொறிக்காரர் என்று அநேகமாக எல்லோரும் வாங்கினார்கள். "ஓட்டோவுக்குப் பாதிப் போத்தல் போதும், மிச்சத்த அடுத்த தடவ ஊத்துங்க" என்று அவர் தெளிவாகவே சொன்னார். மச்சான் முழுவதையும் ஊற்றினார். மற்றவர்களும் அப்படியே. ஏன் என்று மச்சானிடம் கேட்டேன்.

"மிச்சத்த எங்கடா வைக்கிறது? இருக்கிறது ஒரே காம்பரா. சின்னவ எதக் கண்டாலும் வாயில வைக்கிறா. பாதிப் போத்தல் எண்ணெய வீட்டுல வச்சிக்கிட்டு நான் ரோட்டுல ஓட முடியுமா?"

லயத்து அறையில் வாழ்ந்தவர்களுக்கு இந்த நியாயம் புரியும். திறந்த போத்தலுக்கு எங்கள் வீடுகளில் இடம் கிடையாது.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பையே முடித்த முதல் ஆள் நான்தான். அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவர். மலையில் யாராவது கேட்டால் அம்மா தருகிற பதில் இது:

"ஓம் மகன் என்னடி படிக்கிறான்?"

"எண்ணெய்."

"எண்ணெய்யா? தேங்கெண்ணெயா?"

"என்ன எண்ணெயோ. கெட்டியா தண்ணியான்னு பாக்குறானாம்."

அம்மா சொன்னது சரிதான். நான் செய்த ஆய்வு அதுவேதான். ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு தயங்குகிறது என்பதைப் பாகுநிலை என்கிறோம். தண்ணீருக்குக் குறைவு, தேனுக்கு அதிகம். எண்ணெயில் நனோத்துணிக்கைகளைச் சேர்த்தால் அந்தத் தயக்கம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. துணிக்கையின் அளவு, சேர்க்கிற வீதம், வெப்பநிலை, கலவை எவ்வளவு நேரம் அப்படியே நின்றது, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக அளந்துகொண்டிருந்தேன். அந்த அளவுகள் பரீட்சைத் தாளைத் தாண்டி வெளியே எங்காவது போகும் என்று நான் நினைத்ததில்லை.

வழக்கம்போலவே மொதலாளி திரும்பி வந்தார். ரோட்டில் ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கேட்டார். எல்லோரும் "நல்லாருக்கு மொதலாளி" என்றார்கள். கேட்டு முடித்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசல் வராந்தாவான இஸ்தோப்பில் உட்கார்ந்து அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"தம்பி நனோ படிக்கிறீங்களாமே."

"ஆமாங்க."

"மொனராகலையில நல்லாருக்குன்னு சொன்னவன், என் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போயி எஞ்சின் சத்தத்தக் கேக்க வச்சான். இங்க நல்லாருக்குன்னு சொல்றவன் என் மூஞ்சியப் பாக்காம வெத்தில மெல்லுறான். ரெண்டும் ஒரே நல்லாருக்கா தம்பி?"

அவர் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பாத்துச் சொல்லுங்க. நல்லதுன்னு சொல்லச் சொல்லல. என்னன்னு சொல்லுங்க."

"நல்லா இல்லைன்னு வந்துட்டா?"

"வந்துட்டா எனக்கு இது போச்சு. வேற கைவசம் ஒண்ணுமில்ல. அண்ணன் கடை வாசல்ல போயி நிக்கணும். அதையும் இப்பயே சொல்லிப்புடறேன், தெரிஞ்சிக்கிட்டே பாருங்க."

"அப்ப எதுக்குங்க கேக்குறீங்க? வித்துக்கிட்டே போலாமே?"

"மத்ததெல்லாம் நான் புடிச்சிப் பாத்து, இழுத்துப் பாத்துத் தெரிஞ்சிக்குவேன். இது கண்ணுக்குத் தெரியாத சாமான். எனக்குத் தெரியலன்னா, பாக்கத் தெரிஞ்சவனத்தானே கேக்கணும்?"

போத்தலைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனேன். என் ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்த மெடம் யாழ்ப்பாணத்தவர். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் சாம்பல்நிறத்தில் ஒரு படிவு.

"உள்ளுக்க என்னென்ன போட்டிருக்கிறாங்கள் எண்டு எங்களுக்குத் தெரியாது. அதைப்பற்றிக் கதைக்க வேண்டாம். நீர் கண்டதை மட்டும் சொல்லும்" என்றார்.

என் மாதிரிகளோடு அதையும் சேர்த்து அளந்தேன். கருவி எளிமையானதுதான். எண்ணெய்க்குள் ஒரு தண்டு சுழலும். எண்ணெய் அதை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்று காட்டும். மச்சானின் எஞ்சினில் ஊற்றுகிற அதே வகை எண்ணெயை மூன்றாகப் பிரித்தேன். ஒன்று வெறும் எண்ணெய். ஒன்று ஓட்டோவின் எண்ணெய்க்குப் பாதிப் போத்தல் என்ற வீதம். இன்னொன்று, எங்கள் ஆட்கள் ஊற்றுவது போல முழுப் போத்தல் வீதம். நன்றாகச் சூடாக்கி அளந்தேன். பிறகு ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் குளிரவிட்டு அளந்தேன். லயத்தில் தை மாதக் காலையில் பீலித் தண்ணீரில் கை வைத்தவனுக்கு அந்த அளவும் வேண்டும் என்று தோன்றும்.

விடையை அவருக்குச் சொன்ன இடம் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை. என் வாயில் பாடப்புத்தக வார்த்தைகள்தான் வந்தன. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க."

யோசித்தேன். "சாயங்காலம் வேல முடிஞ்சி பொம்பளைங்க மலையிலருந்து எறங்குறாங்கன்னு வைங்க. ஒத்தையடிப் பாதை. வெறுங்கையோட வந்தா கடகடன்னு எறங்கிருவாங்க. நடுவுல ரெண்டு பேரு பெரிய மூட்டையோட வந்தா அவ்வளவா தெரியாது. நெறையப் பேரு மூட்டையோட வந்தா பாதையே மெதுவாயிரும். எண்ணெய்க்குள்ள இந்தத் துணிக்கையும் அப்பிடித்தான். கொஞ்சம்னா சமாளிக்கும். கூடுனா கெட்டியாயிரும்."

"சரி."

"ரெண்டு மூட்டை ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டா இன்னும் மோசம். போத்தல கொஞ்ச நாள் சும்மா வச்சா, துணிக்கையெல்லாம் அப்பிடி ஒட்டிக்கிட்டு அடியில படியுது. மேல இருக்கிற தெளிஞ்சத மட்டும் எடுத்து அளந்தா அவ்வளவு கெட்டி இல்ல. குலுக்கி அளந்தா கெட்டி."

"அதுக்குத்தான் குலுக்கச் சொல்லிருக்கானா..." என்று தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். "அப்ப மொனராகலையில எப்பிடி நல்லாருக்கு?"

"அங்க சூடு. எண்ணெய் சூட்டுல தண்ணியாயிரும். தேஞ்ச எஞ்சினுக்குத் தண்ணியான எண்ணெய் போதாது, சத்தம் போடும். உங்க போத்தல் அதக் கொஞ்சம் கெட்டியா வச்சிருக்கு, அதான் சத்தம் கொறையுது. பெரிய எஞ்சின், எண்ணெயும் நெறையப் புடிக்கும், ஒரு போத்தல் ஒண்ணும் பண்ணாது. இங்க குளிர். எண்ணெய் ஏற்கெனவே கெட்டி. சின்ன எஞ்சினுல முழுப் போத்தல ஊத்துனா..."

"ஊத்துனா?"

"காலையில ஸ்டார்ட் எடுக்கவே கஷ்டப்படணும்."

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடிக் கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி.

"அப்ப ஏன் தம்பி ஒருத்தனும் காலையில வண்டி எடுக்கலன்னு சொல்லல?"

என் அளவு ஒன்று சொல்கிறது. ஊர் வேறொன்று சொல்கிறது. திரும்ப அளந்து பார்த்தும் அதே எண்தான் வந்தது என்று சொன்னேன். என் குரலே எனக்குச் சன்னமாகக் கேட்டது. அவர் இடத்தில் வேறு யாராக இருந்தாலும், படிக்கிற பையன் எங்கோ பிழை விட்டிருக்கிறான் என்று நிம்மதியாக எழுந்து போயிருப்பார்கள். அவருடைய பிழைப்பு அதில் இருந்தது. அவரோ, "வாங்க, போயிப் பாப்போம்" என்றார்.

அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பனி மூட்டம். கழுத்தில் மப்ளர். ரோட்டோரத்தில் மச்சான் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை எடுத்துவிட்டார். வண்டி சத்தமில்லாமல் சரிவில் உருண்டது. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குலுங்கு குலுங்கிப் புகைவிட்டுப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஓட்டோவும் அப்படியே. வேனும் அப்படியே.

பிறந்ததிலிருந்து நான் பார்த்த காட்சி அது. எங்கள் பக்கம் யாரும் வண்டியைச் சமதரையில் நிறுத்துவதில்லை. மூக்கு கீழே பார்க்கிற மாதிரி சரிவில்தான் நிறுத்துவார்கள். காலையில் உருட்டிவிட்டுக் கிளப்புவார்கள். பெட்டரிக்கு மிச்சம். சாவியைத் திருகி ஸ்டார்ட் எடுப்பது பதுளை டவுனில் வெயிலுக்குள் போய் நின்ற பிறகுதான். இத்தனை நாள் பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மச்சான்" என்றேன், "நாளைக்கு உருட்டாம எடுத்துப் பாருங்க. கோயிலுக்கு முன்னால சமதரையில நிப்பாட்டி."

மறுநாள் வரை காத்திருக்க மொதலாளிக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் வந்து சேர்ந்த இன்னொரு ஓட்டோக்காரர், இரவெல்லாம் பனியில் நின்ற தன் வண்டியை இன்னும் எடுக்காமல் வைத்திருந்தார். முழுப் போத்தல் ஊற்றிய வண்டி. எல்லோருமாகச் சேர்ந்து அதைக் கோயிலுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனோம். ஓட்டோக்காரர் சாவியைத் திருகினார். எஞ்சின் ஒரு முனகல் முனகி நின்றது. மறுபடி ஒரு முனகல். மூன்றாவது முறை அதுவும் இல்லை.

"பெட்டரி வீக்குங்க மொதலாளி" என்றார் ஓட்டோக்காரர் அவசரமாக. "போத்தல்ல ஒண்ணும் இல்ல. போத்தல் நல்லாருக்கு."

போத்தல் வாங்காத ஒரே வண்டி, தபால் கொண்டுவருகிறவரின் பழைய ஓட்டோ, அதுவும் இரவெல்லாம் பனியில் நனைந்து பக்கத்திலேயே நின்றது. மொதலாளி அதை எடுக்கச் சொன்னார். திருகியதும் பிடித்துக்கொண்டது. கிழட்டு வண்டி, கிழட்டுப் பெட்டரி.

மொதலாளி மச்சானைப் பார்த்தார்.

"எப்ப இருந்து இப்பிடி?"

மச்சான் தலையைச் சொறிந்தார். "ஊத்துனதுலருந்து கொஞ்சம் இழுக்குதுங்க. உருட்டி எடுக்குறதால பெருசா தெரியல."

"நான் வந்து கேட்டேனே? ஒவ்வொரு ஆளா கேட்டேனே?"

"அவ்வளவு தூரம் மூச்சு வாங்க ஏறி வந்து கேக்குறீங்க. மொகத்துக்கு நேரா எப்பிடி மொதலாளி சொல்றது?"

அவர் கோயில் படியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. யாரிடம் என்றில்லாமல், "ஒரு புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, சமதரையில நின்னுட்டா?" என்றார்.

மொனராகலையில் மட்டும் விற்கிறேன், மலைப்பக்கம் வேண்டாம் என்று கம்பனியோடு பேசினார். ஊவா முழுவதும் விற்றால் விற்பது, இல்லையென்றால் வேறு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். "அப்ப வேற ஆளப் பாத்துக்குங்க" என்று இவரும் சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகு, "சொல்லிட்டேன்ல?" என்று என்னிடமே கேட்டார்.

அதன் பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியாது. போத்தல் விற்ற மலை ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் திரும்பப் போனார். பையில் இப்போது வெறும் எண்ணெயும் ஒரு ஸ்பேனரும் ஒரு பழைய பேசினும். வண்டிக்கு அடியில் பழைய சாக்கை விரித்துப் படுத்து, கறுத்துப்போன எண்ணெயை வடித்துவிட்டு, புதிதாக ஊற்றிக் கொடுத்தார். லீவு நாட்களில் நானும் போனேன். கொஸ்லந்தையில் ஒரு வேன்காரர் வண்டியைத் தொடவே விடவில்லை.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. வித்ததையும் திரும்ப உருவ வந்துட்டீங்களா?"

"நல்லா இல்லைங்க. நான் வித்ததுதான் சொல்றேன், நல்லா இல்ல."

"இது என்ன புது யாவாரமா இருக்கு! யாரு சொன்னா நல்லா இல்லைன்னு?"

அவர் பின்னால் நின்ற என்னைக் காட்டினார். "தம்பி அளந்து பாத்திருக்காரு."

வேன்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கையில் எண்ணெய்ப் பேசினோடு நின்றேன். பாகுநிலைக்குப் பரீட்சையில் நான் பெற்ற புள்ளிகள் எதுவும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடில்லை. என் வீட்டார் என்னை நேசித்தார்கள், எனக்காகப் பட்டினி கிடந்தார்கள். ஆனால் நான் படித்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. படித்தவர்களோ என் எண்களுக்குப் புள்ளி போட்டார்கள், அவ்வளவுதான். நான் அளந்து சொன்ன ஒன்றைக் கேட்டு, அது தனக்கு நட்டம் என்று தெரிந்தும், அதன்படி நடந்த முதல் மனிதர் அவர். இன்றைக்குக் கொழும்பில் எண்ணெய் பரிசோதிக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். ஒரு எண்ணை எழுதிக் கையெழுத்து வைக்கும்போது, அதைக் கேட்டு நடக்கிற ஒருவர் எங்கோ இருக்கிறார் என்ற நினைப்போடுதான் வைக்கிறேன். அதைக் கொடுத்தவர் அவர். அவர் இப்போது மொனராகலையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் நிற்கிறாராம். விற்ற சாமானைப் பார்க்க இன்னும் வயல்வெளிகளில் அலைகிறாராம்.

எல்லா வண்டிகளையும் முடித்துவிட்டு, மொனராகலைக்குப் போவதற்கு முன் சொல்லிக்கொண்டு போக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு அன்றைக்குத்தான் விஷயம் முழுவதும் தெரிந்தது. அம்மாவுக்குப் பெருமை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம்.

"நீ சொல்லியா ஒரு மனுசன் பொழப்ப விட்டாரு? ஏன்டா, இதுக்கா உன்னப் படிக்க வச்சேன்? கொஞ்சம் பாத்துப் பதமாச் சொல்லத் தெரியாதா ஒனக்கு?"

"அக்கா, தம்பிய ஏசாதீங்க" என்றார் அவர். "நான் சாமான் விக்கத் தொடங்கின நாள்லருந்து ஏறி எறங்கி எல்லார்கிட்டயும் கேக்குறேன். எல்லாரும் எனக்குச் சொன்னது ஒரே பதிலு. நல்லாருக்கு மொதலாளி. மரியாதைக்கு. அத நம்பிக்கிட்டு நான் அடுத்த வீட்டுக்குப் போயி அதையே வித்திருக்கேன். உங்க மகன்தான் அக்கா எனக்கு மொதல் தடவயா பதில் சொன்னது."

அம்மா முந்தானையால் கையைத் துடைத்தார். உள்ளே போனார். திரும்பி வந்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். அப்புறம் ஒரேயடியாகச் சொன்னார்.

"கோவிச்சிக்காதீங்க மொதலாளி. போன வருசம் சுவத்துல மாட்டுற மணிக்கூடு வித்தீங்களே."

"ஆமாக்கா. நான் வந்து பாத்தேனே, டைம் கரெக்டா இருந்திச்சே."

"உங்க தல வளைவுல தெரிஞ்சதும் புள்ளைங்க ஓடியாந்து சொல்லுங்க. நாங்க முள்ளத் திருப்பி வச்சிருவோம்."

அவர் அம்மாவையே பார்த்தார்.

"எல்லா வீட்டுலயுமா?"

"இந்த லயத்துல எல்லா வீட்டுலயும். காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு நேரம் பிந்துதுன்னு எங்க வீட்டுதத் தூக்கிப் போட்டுட்டேன். நீங்க வர்றப்ப மட்டும் பக்கத்து வீட்டுதக் கொண்டாந்து மாட்டுவேன்."

முதலில் அவர் முகம் விழுந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அம்மா ஓரடி முன்னால் வைத்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. பக்கத்துக் காம்பரா அக்கா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். அம்மா அவரிடம், "சொல்லிட்டேன்டி" என்றார்.

"எதச் சொன்ன?"

"மணிக்கூட."

பக்கத்து வீட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம், அம்மாவே சொல்லிவிட்டார் என்ற தைரியத்தில், இஸ்தோப்பு வரை வந்தார்.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லட்டுமா மொதலாளி? நீங்க வித்த அந்தக் கொடை ஒரே காத்துல கவுந்து போச்சு."

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து. "எந்தப் பக்கத்துக் கம்பி மொதல்ல போச்சு? கொண்டாங்க, பாப்போம்."

அக்கா குடையை எடுக்கப் போனார். அவர் கழுத்தை நீட்டி, சத்தம் கேட்டுத் தங்கள் கதவோரங்களில் வந்து நின்ற மற்றப் பெண்களைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னும் யாரு இருக்கீங்க?"